நான்கு வேகமான ஓட்டக்காரர்கள் ஓர் அணி ஆவதில்லை: 4×100 ரிலேயில் கற்றவை

நால்வர் ஆளுக்கு 100 மீட்டர் ஓடும் 4×100 ரிலேக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் முறை பள்ளியிலும் கல்லூரியிலும் பெரும்பாலும் ஒன்றுதான். 100 மீட்டரில் முதல் நான்கு இடம் பிடித்தவர்களைக் கூப்பிட வேண்டியது. போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பேட்டனை, அதாவது ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி ஓடும் சிறு குழலை, கையில் கொடுத்து, நாலு தடவை மாற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டியது. தொழில்முறை வீரர்கள் ஓடும் தேசிய அணிகளிலும் இதே தவறு வேறு உருவத்தில் நடக்கிறது. ஓடுவது நான்கு பேர்தான், ஆனால் கடிகாரம் அளப்பது பேட்டனை. அது எங்கேயும் வேகம் குறையாமல் 400 மீட்டரைக் கடக்கிறதா என்பதுதான் கேள்வி. அதனால் ரிலேயில் ஆட்களைத் தேடுவதை விட ஜோடிகளைத் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1-2, 2-3, 3-4 என்று மூன்று ஜோடிகள்.

அணியின் நிலையை அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. நால்வரின் சிறந்த 100 மீட்டர் நேரங்களைக் கூட்டி, அதிலிருந்து ரிலே நேரத்தைக் கழியுங்கள். இரண்டாவது முதல் நான்காவது வரை ஓடுபவர்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டனை வாங்குவதால், ரிலே நேரம் கூட்டுத்தொகையை விடக் குறைவாகத்தான் வர வேண்டும். வித்தியாசம் 2 வினாடியை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் பேட்டன் மாற்றங்கள் நன்றாக நடக்கின்றன. 1 வினாடிக்குக் கீழே போனால் மூன்றில் ஏதோ ஒரு மாற்றத்தில் பேட்டன் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது என்று பொருள். 11.6, 11.8, 11.9, 12.1 ஓடும் நால்வரின் கூட்டுத்தொகை 47.4. இவர்கள் 46.6 ஓடிவிட்டுப் பதக்கம் வாங்கினாலும் அது நல்ல ஓட்டம் அல்ல, 45.4 அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜமைக்கா 36.84 ஓடி உலக சாதனை படைத்தபோது, கார்ட்டர், ஃபிரேட்டர், பிளேக், போல்ட் ஆகியோரின் அதுவரையிலான சிறந்த நேரங்களைக் கூட்டினால் 38.99 வந்தது. வித்தியாசம் 2.15.

வேகம் குறைந்த அணி வெல்ல முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2004 ஏதென்ஸில் பிரிட்டன் 38.07, அமெரிக்கா 38.08. அமெரிக்க அணியில் 100 மீட்டர் தங்கம் வென்ற காட்லினும் 200 மீட்டர் தங்கம் வென்ற கிராஃபோர்டும் இருந்தார்கள். பிரிட்டன் அணியில் ஒருவர்கூட 100 மீட்டர் இறுதிச்சுற்றுக்குப் போகவில்லை. 2016 ரியோவில் ஜப்பான் 37.60 ஓடி வெள்ளி வென்றது. அன்றைக்கு அந்த நால்வரில் எவரும் விதிக்குட்பட்ட காற்றில் 10 வினாடிக்குள் ஓடியிருக்கவில்லை.

முதலில் மாற்று மண்டலத்தை, அதாவது பேட்டன் கைமாற வேண்டிய பகுதியை, புரிந்துகொள்ள வேண்டும். முன்பு 20 மீட்டர் மண்டலமும், அதற்கு முன் வேகம் பிடிக்க 10 மீட்டரும் தனித்தனியாக இருந்தன. 2017 இறுதியில் விதி மாறி இரண்டும் ஒன்றாகி 30 மீட்டர் மண்டலமானது. முதல் மாற்றத்துக்கான மண்டலம் 80 மீட்டரில் தொடங்கி 110 மீட்டரில் முடிகிறது. பேட்டன் இதற்குள் கைமாற வேண்டும். பார்க்கப்படுவது பேட்டன் இருக்கும் இடம், ஓட்டக்காரரின் காலோ உடலோ அல்ல. வாங்குபவரின் கை பட்ட கணம் மாற்றம் தொடங்குகிறது. பேட்டன் அவர் கையில் மட்டும் இருக்கும் கணம் அது முடிகிறது. தொடக்கம், முடிவு இரண்டும் மண்டலத்துக்குள் நடக்க வேண்டும். மண்டலத்தின் எல்லை ஒவ்வொரு கோட்டிலும் ஓடிவருபவருக்கு அருகிலுள்ள விளிம்பு. அதாவது கடைசிக் கோட்டின் மேல் வைத்து வாங்கினாலே அது வெளியே. பல மைதானங்களில் பழைய குறிகளும் புதிய குறிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். சில சிறுவர் போட்டிகளில் பழைய அளவே நடைமுறையில் இருக்கும். எந்த நிறக் கோடு என்று அன்று காலையிலேயே நடுவரைக் கேட்டு, நால்வரும் நேரில் நின்று பார்த்துவிட வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: செக் மார்க். பேட்டனை வாங்கப்போகிறவர் மண்டலத்தின் தொடக்கத்தில் நின்று பின்னால் பார்த்துக்கொண்டிருப்பார். ஓடிவருபவர் ஒரு குறிப்பிட்ட குறியைத் தாண்டியதும் இவர் திரும்பி முழு வேகத்தில் ஓடத் தொடங்க வேண்டும். அந்தக் குறியை எவ்வளவு பின்னால் வைப்பது என்பதில்தான் மாற்றத்தின் முக்கால்வாசி அடங்கியிருக்கிறது. பெரும்பாலான பள்ளி அணிகளில் யாரோ சொன்ன "இருபது அடி" (ஷூவை ஒட்டி ஒட்டி வைத்து அளக்கும் காலடி) எல்லாருக்கும் பொதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கணக்கிட்டே வைக்கலாம்.

வாங்குபவர் ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) போட்டு, போட்டியில் நிற்கப்போகும் அதே நிலையில் நிற்கட்டும். பயிற்சியாளர் கையை இறக்கியதும் அவர் ஓட வேண்டும். கை இறங்கிய கணத்திலிருந்து 20 மீட்டர் கடக்கும் வரை நேரம் எடுங்கள். இதில் அவர் கண்டு, உணர்ந்து, கிளம்பும் தாமதமும் சேர்ந்துவிடுகிறது. மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். 3.0 வினாடி என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது கொடுப்பவர். அவர் 100 மீட்டரை முழு வேகத்தில் ஓடட்டும். கடைசி 20 மீட்டருக்கு மட்டும் நேரம் எடுங்கள். 2.4 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு 8.33 மீட்டர். 3.0 வினாடியில் அவர் 25 மீட்டர் வந்துவிடுவார். வாங்குபவர் 20 மீட்டரில் இருக்கும்போது இருவரின் உடல்களுக்கும் இடையே 1 மீட்டர் இடைவெளியில் மாற்றம் நடக்க வேண்டுமானால், கொடுப்பவர் அப்போது 19 மீட்டரில் இருக்க வேண்டும். 25-இல் 19 போனால் 6 மீட்டர். குறி மண்டலத் தொடக்கத்துக்கு 6 மீட்டர் பின்னால். 28 சென்டிமீட்டர் ஷூவில் குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து அளந்தால் 21 அடிக்குச் சற்று மேல்.

இது தொடக்கப் புள்ளிதான். அதன்பின் முழு வேகத்தில் மூன்று முறை மாற்றிப் பார்க்க வேண்டும். 14, 15 மீட்டரிலேயே கொடுப்பவர் எட்டிவிட்டால், வாங்குபவர் தாமதமாகக் கிளம்பியிருக்கிறார். குறியை இன்னும் பின்னால் தள்ளுங்கள். 28 மீட்டரில் தொங்கிக்கொண்டு கொடுத்தால் குறியை முன்னால் கொண்டுவாருங்கள். ஒரே நேரத்தில் ஓர் அடிக்கு மேல் மாற்றக் கூடாது. காரணம் இருக்கிறது. மாற்றம் நடக்கும் கட்டத்தில் இருவரின் வேகமும் மிக நெருங்கியிருக்கும். இடைவெளி மெதுவாகத்தான் குறையும். எனவே குறியில் 28 சென்டிமீட்டர் நகர்த்தினால் கைமாறும் இடம் 2, 3 மீட்டராவது நகர்ந்துவிடும். இதை அறியாமல் போட்டி நாளில் "ரெண்டு அடி கூட்டி வை" என்று சொல்வதால் மண்டலத்தைத் தாண்டி ஓடிய அணிகளைப் பல மைதானங்களில் பார்க்கலாம். இன்னொன்று, அடியில் மட்டும் எழுதிவைக்காதீர்கள், மீட்டரிலும் எழுதுங்கள். ஷூ மாறினால் அளவு மாறும். அவசரத்தில் வேறொருவர் அளந்தால் அடியே மாறிவிடும்.

வேகம் குறைத்து ஓடி வைத்த குறி எதற்கும் உதவாது. முக்கால் வேகத்தில் அழகாக அமைந்த மாற்றம் முழு வேகத்தில் மோதலாக மாறும். நிதான ஓட்டத்தில் கைகளைப் பழக்கலாம், குறியைப் பழக்க முடியாது.

கை வரிசையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: வலது, இடது, வலது, இடது. முதலாமவரும் மூன்றாமவரும் வளைவில் ஓடுகிறார்கள். அவர்கள் வலக்கையில் பிடித்துக்கொண்டு லேனின் உள்விளிம்பை ஒட்டி ஓடலாம். இரண்டாமவரும் நான்காமவரும் இடக்கையில் வாங்குவார்கள். காத்திருக்கும்போது லேனின் வெளிப்பாதியில் நிற்க வேண்டும். மூன்றாமவர் வலக்கையில் வாங்க உள்பாதியில் நிற்பார். இப்படி நின்றால் எவரும் எவரது குதிகாலையும் மிதிக்க மாட்டார்கள், எவரும் நடுவில் கை மாற்றவும் தேவையில்லை. கை மாற்றும்போதுதான் பேட்டன் தொடையில் பட்டுத் தெறிக்கிறது.

கொடுக்கும் முறைகள் மூன்று. கீழிருந்து மேலாக, இடுப்பளவில் நீட்டிய உள்ளங்கைக்குள் செருகுவது முதல் முறை. கை ஓட்டத்தின் இயல்பான நிலையிலேயே இருப்பதால் கற்க எளிது. ஆனால் இருவரும் நெருங்கி வர வேண்டும். தவிர, பேட்டனின் நீளமே 28 முதல் 30 சென்டிமீட்டர்தான். ஒவ்வொரு மாற்றத்திலும் பிடி மேலே ஏறிக்கொண்டே போவதால், மூன்றாவது மாற்றத்தில் கொடுக்க நுனி மிஞ்சாது. கை கையைத் தொடும் அளவுக்கு நெருங்கிக் கொடுத்தால்தான் இது சரியாகும். மேலிருந்து கீழாக, பின்னால் உயர்த்தி நீட்டிய உள்ளங்கையில் வைப்பது இரண்டாவது. இதில் 1 மீட்டருக்கும் மேல் இடைவெளி கிடைக்கும். வினாடிக்கு 9 மீட்டர் ஓடுபவருக்கு 1 மீட்டர் என்பது 0.11 வினாடி, மூன்று மாற்றத்தில் 0.33. ஆனால் நீட்டிய கை ஆடினால் பேட்டன் விரலில் மோதும். தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே கையை நேராக நீட்டி, உள்ளங்கையைப் பின்னோக்கிக் காட்டி, கட்டைவிரலைக் கீழே வைத்துக்கொள்ள, பேட்டனை நிமிர்த்திப் பிடித்து நேராகத் தள்ளுவது மூன்றாவது. இலக்கு பெரிது, தவறு குறைவு.

பயிற்சிக்கு நான்கு வாரமாவது கிடைக்கும் என்றால் மூன்றாவது முறையைத்தான் பரிந்துரைப்பேன். அதற்கும் குறைவென்றால் பள்ளி அளவில் முதல் முறை பாதுகாப்பானது. அதைக் கீழாக நினைக்க வேண்டாம். ரியோவில் ஜப்பான் வெள்ளி வென்றது கீழிருந்து கொடுத்துத்தான். எந்த முறையானாலும் ஒரு விதி மாறாது: வாங்குபவரின் கை அசையாமல் நிற்க வேண்டும், பேட்டன்தான் கையைத் தேடி வர வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தேடினால் இரண்டும் தவறும்.

குரல் கொடுக்கும் நேரமும் பழக வேண்டியது. கொடுப்பவர் எட்டும் தூரத்துக்கு ஓர் அடியெடுப்பு முன்பே குரல் கொடுக்க வேண்டும். அடுத்த வீச்சில் வாங்குபவரின் கை பின்னால் போய் நிற்கும். கை நின்ற பிறகே பேட்டன் நீளும். குரலோடு சேர்த்தே பேட்டனையும் நீட்டிக்கொண்டு ஓடினால் கொடுப்பவரின் வேகம் உடனே விழுந்துவிடும். எட்டு லேனிலும் எல்லாரும் "ஹேண்ட்" என்றே கத்துவார்கள் என்பதால், உங்கள் அணிக்கென ஓரசைச் சொல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன தவறுகள் நடக்கின்றன என்று கேட்டால், சீக்கிரம் கிளம்பிவிடுவதைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். பள்ளி அளவில் உண்மையான நோய் அதற்கு நேர்மாறானது. பேட்டன் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் தாமதமாகவோ அரை வேகத்திலோ கிளம்புகிறார்கள். பேட்டன் விழாததால் எவரும் அதைத் தவறாகவே எண்ணுவதில்லை. ஆனால் பின்னால் வருபவர் பிரேக் போட்டு, இவர் முதுகில் மோதி, இருவரும் பாதி வேகத்துக்கு வந்திருப்பார்கள். ஒரு மாற்றத்தில் அரை வினாடி போனதுகூடத் தெரியாது. இதற்கு மருந்து, பேட்டன் இல்லாத பயிற்சி. குறியைத் தாண்டியதும் முன்னவர் முழு வேகத்தில் ஓட, பின்னவர் அவர் தோளைத் தொட முயல வேண்டும். மண்டலத்தின் கடைசி 10 மீட்டருக்கு முன்பே தொட்டுவிட்டால் முன்னவர் தோற்றார். பேட்டனைப் பற்றிய கவலை இல்லாதபோது கால் தானாக ஓடும். இரண்டு மூன்று நாளில் கிளம்பும் துணிவு வந்துவிடும்.

கொடுப்பவர் தரப்பில் பெரிய தவறு, மண்டலத்தைக் கண்டதும் தன் வேலை முடிந்ததாக உடல் தளர்வது. மண்டல முடிவுக்கு 10 மீட்டர் அப்பால் ஒரு கூம்பு வைத்து, பேட்டன் கைமாறிய பின்னும் அதுவரை லேனுக்குள்ளேயே ஓடச் சொல்லுங்கள். பக்கத்து லேனில் குறுக்கிட்டு இன்னோர் அணிக்குத் தடையாகி, அதனால் தகுதி நீக்கம் ஆவதையும் இந்தப் பழக்கம் தடுக்கும். குரல் வரும் முன்பே கையை நீட்டிக்கொண்டு ஓடுவது, திரும்பிப் பார்ப்பது, பேட்டனை நடுவில் பிடித்துக்கொண்டு வருவது ஆகியவை கண்ணுக்கு உடனே தெரிபவை, அங்கேயே திருத்திவிடலாம். முதலாமவர் பேட்டனின் அடிப்பகுதியைப் பிடித்துத்தான் பிளாக்கில் (கிளம்பும்போது காலை ஊன்றும் கட்டையில்) உட்கார வேண்டும்.

மாற்றத்தை அளக்க மொபைல் கேமரா போதும். மண்டலத்தின் இரு கோடுகளும் தெரியும்படி பக்கவாட்டில் நின்று, வினாடிக்கு 60 படம் என்ற அளவில் எடுங்கள். பேட்டன் முதல் கோட்டைத் தாண்டிய படத்திலிருந்து கடைசிக் கோட்டைத் தாண்டிய படம் வரை எண்ணி 60-ஆல் வகுத்தால் 30 மீட்டருக்கான நேரம் கிடைக்கும். 222 படம் என்றால் 3.7 வினாடி. கொடுப்பவர் முழு வேகத்தில் 30 மீட்டர் ஓட எடுக்கும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்த ஜோடி இழக்கும் நேரம். வார்த்தையால் எவ்வளவு சொன்னாலும் ஏற்காதவர்கள் இந்த எண்ணைப் பார்த்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

யாரை எங்கே ஓடவிடுவது? மிக வேகமானவரைக் கடைசியில் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. ஆனால் இரண்டாமவரும் மூன்றாமவரும் மண்டலத் தொடக்கத்திலிருந்து அடுத்த மாற்றம் வரை சுமார் 120 மீட்டர் ஓடுகிறார்கள். வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். 200 மீட்டரில் தளராதவர், பதறாத கை உள்ளவர் அங்கே வேண்டும். நல்ல ஓட்டக்காரர், ஆனால் வாங்கத் தெரியவில்லை என்றால் முதலில் நிறுத்துங்கள். கொடுக்கத் தெரியவில்லை என்றால் கடைசியில். மூன்றாமவர் வளைவில் ஓடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். என் அணியின் சிறந்தவரை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

கல்லூரியில் சிக்கல் வேறு. வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வெவ்வேறு பழக்கத்தோடு வருவார்கள். ஒருவர் கீழிருந்து கொடுப்பார், மற்றவர் மேலே கை நீட்டுவார். ஆண்டுதோறும் ஒருவர் படிப்பு முடிந்து போய்விடுவார். ஆகவே ஆறு பேரைத் தயார் செய்து, எந்த ஜோடிக்கு என்ன குறி, எந்த இடத்தில் மாற்றம், எவ்வளவு நேரம் என்று ஒரு நோட்டில் ஜோடிவாரியாக எழுதிவைக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் போதும், ஆனால் அன்றைய பயிற்சியின் தொடக்கத்தில், உடல் சூடானதும். களைத்த பிறகு கடைசியில் செய்தால் பொய்யான குறிதான் கிடைக்கும், தொடைத் தசையும் பிடித்துக்கொள்ளும். நின்றபடியும் மெல்ல ஓடியும் 15 நிமிடம். பிறகு ஜோடிக்கு மூன்று முழு வேக மாற்றம், நடுவே 5 நிமிட ஓய்வு. நான்காவதைக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

தொழில்முறை அளவில் நேரம்தான் பஞ்சம். ஒவ்வொருவருக்கும் தனிப் பயிற்சியாளர், தனி அட்டவணை. வருமானமும் பெயரும் தனிப் போட்டியில். ரிலேக்குச் சேர்ந்து பயிலக் கிடைப்பது சில நாள் முகாம். அமெரிக்க ஆண்கள் அணியின் கதை இதற்குப் பாடம். 2008 பெய்ஜிங்கில் தகுதிச்சுற்றிலேயே பேட்டன் விழுந்தது, அதே நாள் பெண்கள் அணிக்கும் அப்படியே. 2016-இல் மூன்றாவதாக வந்தும், முதல் மாற்றத்தில் பேட்டன் மண்டலத்துக்கு வெளியே தொடப்பட்டதால் தகுதி நீக்கம். 2021-இல் டோக்கியோவில் இறுதிச்சுற்றுக்கே போகவில்லை. 2024 பாரிஸில் தகுதிச்சுற்றில் 37.47 ஓடினார்கள். இறுதிச்சுற்றில் இரண்டாவதாக ஓடுபவரை மாற்றினார்கள். புதிய முதல் ஜோடி மண்டலத்தில் தடுமாறியது, தகுதி நீக்கம். தங்கம் வென்ற கனடாவின் நேரம் 37.50. தகுதிச்சுற்று நேரத்தையே மறுபடி ஓடியிருந்தால் தங்கம். ஓர் ஆளை மாற்றினால் இரண்டு ஜோடிகள் மாறும். முதலிலோ கடைசியிலோ மாற்றினால் ஒரு ஜோடி மட்டும்தான். மாற்று ஆட்டக்காரரை அங்கே பழக்கிவைப்பது இதனால்தான் நல்லது.

போட்டி நாளில் கவனிக்க வேண்டியவை சில. குறிக்கு ஒட்டும் டேப் 5 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் நீளம் வரைதான் அனுமதி. ஒருவருக்கு ஒரு குறி. தளத்தின் நிறத்திலிருந்து எடுப்பாகத் தெரியும் நிறம் வாங்குங்கள். முந்தைய சுற்றில் மற்ற அணிகள் விட்டுப்போன டேப் உங்கள் லேனில் கிடந்தால் கட்டாயம் உரித்துவிடுங்கள். பதற்றத்தில் கண் அதைத்தான் பார்க்கும். ஓடிவருபவருக்குப் பின்காற்று பலமாக அடித்தால் குறியை அரை அடி பின்னால் தள்ளலாம், எதிர்காற்று என்றால் முன்னால். அவர் அதே நாளில் வேறு போட்டிகள் ஓடிக் களைத்திருந்தால் ஓர் அடி வரை முன்னால் கொண்டுவரலாம். வியர்வைக்கும் மழைக்கும் ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். கையுறையும் பிடிப்புக்காகக் கையில் பூசும் எதுவும் தடை.

பேட்டன் விழுந்தால் அதைத் தவறவிட்டவரே எடுக்க வேண்டும். தூரம் குறையாமலும் பிறருக்குத் தடையில்லாமலும் இருந்தால், லேனை விட்டுப் போயும் எடுத்து வரலாம். அடுத்த லேனில் ஓடியவர் இடித்துத்தான் விழுந்தது என்றால் நின்று சண்டை போடாமல் எடுத்து ஓடி முடித்துவிட்டு, உடனே முறையீடு செய்யுங்கள். 2016 ரியோ தகுதிச்சுற்றில் அமெரிக்கப் பெண்கள் அதைத்தான் செய்தார்கள். தனியாக மறுபடி ஓட அனுமதி கிடைத்தது, இறுதிச்சுற்றில் முதல் லேனில் ஓடித் தங்கம் வென்றார்கள்.

தகுதிச்சுற்று முடிந்ததும் நால்வரையும் மாற்று ஆட்டக்காரர்களையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒவ்வொரு ஜோடியிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: மண்டலத்தில் எத்தனையாவது மீட்டரில் கைமாறியது? கொடுத்தவரும் வாங்கியவரும் சொல்லும் எண்கள் பெரும்பாலும் ஒத்துப்போகாது, வீடியோவைக் காட்டுங்கள். 18-க்கும் 25-க்கும் இடையில் நடந்திருந்தால் இறுதிச்சுற்றுக்கு அந்தக் குறியில் கை வைக்க வேண்டாம்.